ராத்தா விட்டுவைத்த காய்

சமையலறைக்குப் பின்னால், ரோட்டுக்குத் தெரியாத பக்கத்தில், ஒரு தம்பலக் காய் காய்ந்து தொங்குகிறது. நாலு சிறகும் கறுத்துச் சுருண்டுவிட்டன. காற்று வந்தால் உள்ளே விதைகள் கிலுகிலுக்கும். அதைக் கேட்டால் கண் திறந்திருக்கும்போதே நான் எங்கேயோ போய்விடுவேன்.

தம்பல ஓர் அவரை வகை. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலிருக்கும். பலாபத்வலவில் நாங்கள் வீடு கட்டி வந்த புதிதில் விதையை ஊறப்போட்டு நட்டேன். மழை விழுந்ததும் அது ஓடத் தொடங்கியது. வேலி, எலுமிச்சை மரம், கூரை என்று எதையும் விடவில்லை. இரத்தோட்டைப் பக்கத்து மலையிலிருந்து பனி இறங்கும் காலையில், பூ எது பனி எது என்று தெரியாது. இரண்டும் ஒரே வெளிர்நீலம்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை எல்லாரையும்போல நானும் ராத்தா என்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், ஆட்களைக் கண்டால் வாய் வராது. எனக்கும் சேர்த்து அவரே பேசுவார். கொடி வேலி தாண்டிய அன்று, "தங்கச்சி, ஒங்கட கொடி எங்கட ஊட்டுக்குக் கல்யாணம் பேச வந்தீக்கி" என்றார். நான் சிரித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

பிறகு ஊர் கெட்டுப்போனது. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பஸ் ஓட்டினால் கொல்லுவோம் என்றார்கள் அரசாங்கத்தை எதிர்த்த பொடியன்கள், ஓட்டாவிட்டால் விடமாட்டோம் என்றார்கள் ஆமிக்காரர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருந்த அம்மாவிடம் போய்விட்டோம். என் வீட்டுக்காரருடைய உழைப்பெல்லாம் விட்டுவந்த அந்த ஓட்டு வீடுதான். ஆளில்லாத வீடுகளில் கதவு, ஓடு ஒன்றையும் மிச்சம் வைக்கிறதில்லை என்று கேள்விப்பட்டு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

தை பிறந்தபிறகுதான் திரும்பினோம். வழியில் ஒரு வீடு கூரையில்லாமல் நின்றது. அவர் அதைப் பார்க்காமல் நடந்தார். எங்கள் வீட்டில் ஓடு இருந்தது. கதவு இருந்தது. முற்றம் கூட்டியிருந்தது. துணிக்கொடியில் யாருடையதோ சின்னச் சட்டை காய்ந்தது. தம்பலக் கொடியில் மட்டும் முற்றின காய் ஒன்றுகூட இல்லை.

"காயை மட்டும் கொண்டு போயிருக்கானுங்க. நல்ல கள்ளன்" என்றார் அவர்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா சிரித்தார். "கள்ளன் நான்தான். காய் முத்தித் தொங்கினா ஆளில்லாத ஊடுன்டு ரோட்டால போறவனுக்கும் வெளங்கிடும். பறிச்சிப் பறிச்சித் திண்டோம். என்ட புள்ளைகளுக்கு இப்ப தம்பலயக் கண்டாலே அழுக. இனி நீங்களே திண்ணுங்க." பிறகு மெதுவாக, "வெதைக்கு ஒன்டு பின்னுக்கு உட்டீக்கி, பாருங்க" என்றார்.

ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, காய்ந்த சட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

ராத்தா மௌத்தாகி, மண்ணுக்குள் போய் வெகுகாலமாகிறது. அவருடைய பிள்ளைகள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஓடு கழற்ற யாரும் வரும் காலமில்லை இது. ஆனாலும் என் கொடி அந்தப் பக்கம் போய்க் காய்த்தால், விடிந்ததும் போய்ப் பிஞ்சிலேயே பறித்துவிடுகிறேன். முற்றத்தையும் கூட்டுகிறேன். கேட்க ஆளில்லாத இடத்தில் எனக்கு நன்றாக வாய் வருகிறது. "கல்யாணப் பேச்சு இன்னும் முடியல்ல, ராத்தா" என்று சொல்லிக்கொண்டே பறிப்பேன்.

திரும்பி வரும்போது, அவரைப்போலவே நானும் வருஷா வருஷம் விதைக்கு விடும் பின்பக்கத்துக் காய் கிலுகிலுக்கும். அதை மட்டும் பறிப்பதில்லை.