நாற்பத்தோராவது நாடா

என் தங்கையார் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இம்மலரைக் கையிலேந்தும் உற்றார்க்கும் நண்பர்க்கும் என் வணக்கம். மலரின் பின்னட்டை உறையில் ஒரு குறுவட்டு வைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள படம் பதினொரு நிமிடமே ஓடும். அது நம் கைக்கு வந்து சேர்ந்த வகையை உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமையன் எழுதுவதால் புகழ்ச்சி மிகும் என்று எவரும் அஞ்ச வேண்டா. தங்கை இருந்திருந்தால் இதில் பாதியை வெட்டியிருப்பார் என்ற நினைவோடுதான் எழுதுகிறேன்.

தங்கை பிறந்தது உதகையை அடுத்த பெர்ன்ஹில்லில். எங்கள் தந்தையார் காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து மளிகைக் கடை வைத்தவர். எனக்கும் தங்கைக்கும் பதின்மூன்று ஆண்டு இடைவெளி. அவருக்கு ஐந்து வயதானபோது தாயார் மறைந்தார். அதன்பின் அவருக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன் நான். பின்னலை அவிழ்த்துத் தாமே மீண்டும் பின்னிக்கொண்டு போனவர் அவர். கணக்கில் வல்லவர். தமிழாசிரியனாகிய எனக்குத் தங்கையாக இருந்தும் தமிழில் மட்டும் ஆண்டுதோறும் தேர்ச்சியின் விளிம்பிலேயே நின்றார்.

குன்னூருக்குக் கீழே, தோட்டமொன்றின் எல்லையை ஒட்டிய சிற்றூரில் அவரை மணம் செய்து கொடுத்தோம். மாப்பிள்ளை குவைத்தில் எட்டு ஆண்டு உழைத்து, மூன்று ஏக்கர் தேயிலை வாங்கும் அளவு சேமிப்போடும் கைக்கு அடக்கமான ஒரு படக்கருவியோடும் ஊர் திரும்பினார். தேயிலை வாங்கிய சில ஆண்டுகளிலேயே பசுந்தேயிலை விலை விழுந்தது. பறிக்கும் கூலிக்கே இலை ஈடாகவில்லை. பலர் பறிக்காமலே விட்டுவிட, இடுப்பளவில் நிற்க வேண்டிய செடிகள் மரமாக வளரத் தொடங்கின. அக்காலத்தில் தங்கை படக்கருவியைக் கையில் எடுத்தார். பூப்பு நீராட்டு, வளைகாப்பு என ஆடவர் படமெடுக்க நுழையத் தயங்கும் இடங்களுக்கெல்லாம் அவரை அழைத்தார்கள்.

அழைத்தவர்களுள் பெரும்பாலோர் பக்கத்துத் தோட்டத்து மக்கள். இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து தாயகம் திரும்பி இங்கும் கொழுந்து பறித்தவர்கள். விழா நடந்த அன்றே தங்கை கருவியைத் தொலைக்காட்சியோடு இணைத்து அனைவர்க்கும் காட்டிவிடுவார். படம் பதிந்த நாடா அவரிடமே தங்கிவிடும். பிறகு படி எடுத்துத் தருவேன் என்னும் சொல் மட்டும் அவர்களோடு போகும். அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் மறந்தாரல்லர்.

பின்னர் அத்தோட்டத்தின் தொழிற்சாலை மூடப்பட்டது. குடும்பங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போயின. லைன் வீடுகள் எனப்பட்ட குடியிருப்பு வரிசைகளின் கூரைத் தகரங்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே தங்கையின் வயிற்றில் கட்டி கண்டறியப்பட்டது. கோவை மருத்துவர் சில மாதங்களே குறித்தார். வீடு திரும்பும் வழியில், பர்லியாறு தாண்டியதும், தங்கை மாப்பிள்ளையிடம் சொன்ன முதற்சொல் நோயைப் பற்றியதன்று.

"ஏனுங்க, நாப்பத்தோரு கேசட்டு இருக்குது. நான் போறதுக்குள்ள அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி அவங்கவங்களுக்குக் குடுத்துப் போடணும்."

குன்னூரில் ஒரு கணிப்பொறி நிலையம் மூடப்படும் நிலையில் இருந்தது. அங்கே பழைய கணிப்பொறியொன்றை வாங்கினார். நாடாவிலுள்ள படத்தைக் கணிப்பொறிக்கு மாற்றுவது தாளைப் படியெடுப்பது போன்றதன்று என்பதை அப்போதுதான் நான் அறிந்தேன். ஒரு மணி நேர நாடாவை மாற்ற முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். கருவி நாடாவை ஓட்டிக்கொண்டே இருக்க, கணிப்பொறி அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்ளும். இடையில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து நாடாக்களுக்கு மேல் கணிப்பொறி கொள்ளாது. அவற்றை வெட்டித் தொகுத்து, வட்டில் பதிந்து, உள்ளதை அழித்துவிட்டு அடுத்த ஐந்துக்குப் போக வேண்டும். இவையனைத்தையும் தங்கை தாமே கற்றார்.

இங்கே என் பிழையொன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மலையின் ஈரத்தில் நாடாக்கள் பூஞ்சை பிடிக்கின்றன என்று முன்பொருமுறை தங்கை வருந்தியபோது, தேயிலை ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும், ஆகவே ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டியில் உலர்ந்த தூளைப் பரப்பி அதன்மேல் நாடாக்களை அடுக்கி வை என்று அறிவுரை கூறியவன் நான். தேயிலையோடு வாழ்பவர்க்கே தோன்றும் அறிவு அது. ஆதலால் ஊரில் ஒருவரும் மறுக்கவில்லை. தங்கையும் அவ்வாறே செய்தார். பூஞ்சை பிடிக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் நாடாப் பேழைகளுக்குள் புகுந்திருந்தது. முதல் நாடாவை ஓட்டியதுமே படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

நான் சென்றிருந்த அன்று தங்கை தரையில் வெள்ளைத் துணி விரித்து, பேழையின் சிறு திருகாணிகளைக் கழற்றி, நாடாவை மெல்லிய தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன்.

"படம் வருதோ இல்லீங்களோ, வாசம் நல்லா வருதுங்கண்ணா," என்று பேழையை என் மூக்கருகே நீட்டினார்.

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

எவ்வளவு துடைத்தாலும் சிறிது தூள் எஞ்சியது. ஒவ்வொரு நாடாவும் கருவியின் உயிரைச் சிறிது குறைத்தது. அந்த வகைக் கருவி இப்போது வருவதில்லை. பழுது பார்ப்பவரும் கைவிரித்துவிட்டார். நாற்பத்தொன்றையும் அது தாங்காது என்பது ஐப்பசி வாக்கில் எங்களுக்கு உறுதியாயிற்று. உறவினர் யாவரும் ஒரே குரலில் சொன்னது, நம் வீட்டு நாடாவை முதலில் ஏற்றிவிட வேண்டும் என்பதே. அது தங்கை மகளின் காதணி விழா. தங்கை எப்போதும் கருவிக்குப் பின்னால் நின்றவர். அவர் முகம் பதிந்திருக்கக்கூடிய நாடா அது ஒன்றே. அதை அவரிடம் எடுத்துரைக்கும் பொறுப்பை மூத்தவன் என்பதால் என்னிடம் விட்டார்கள்.

"நம்மூட்டு மூஞ்சி நமக்கு மறந்தா போகுதுங்கண்ணா?" என்றார் தங்கை. "அவங்க இருந்த லைன் ஊடே இப்ப இல்லீங்க. இதுல மட்டுந்தான் நிக்குது. நம்முளுது கடைசில ஏறட்டும்."

நான் வாதிட்டேன். மேற்கோள்களோடு வாதிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே அடுத்த நாடாவின் திருகாணியைக் கழற்றினார்.

கார்த்திகையும் மார்கழியும் அவ்வாறே கழிந்தன. தங்கையால் உட்கார முடிந்தவரை உட்கார்ந்து செய்தார். முடியாதபோது கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல மாப்பிள்ளை செய்தார். வட்டுகள் முடிய முடியத் திருப்பூருக்குச் சொல்லியனுப்பினோம். பழைய குடியிருப்பினர் இருவர் மூவராகப் பேருந்தேறி வந்து பெற்றுச் சென்றனர். நாற்பதாவது வட்டும் உரியவர் கைக்குப் போன மறுநாள், மாப்பிள்ளை எங்கள் நாடாவைக் கருவியில் இட்டார். நான் அடுத்த அறையில் தங்கையின் கட்டிலருகே இருந்தேன். மேளச்சத்தம் கேட்டது, என் குரல் கேட்டது, குழந்தை அழுதது. பிறகு ஒரு கீச்சொலியோடு எல்லாம் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை வாயிலில் வந்து நின்றார். கையில் கசங்கிக் கிழிந்த நாடா.

"எத்தன ஏறுச்சுங்க?" என்று தங்கை கேட்டார்.

"பதினோரு நிமிசம்."

"சரி, உடுங்க. நாப்பதும் போய்ச் சேந்துருச்சுல்ல."

என்னால் தாங்க முடியவில்லை. தேயிலைப் பெட்டி யோசனை என்னுடையதுதானே என்று சொல்லிக் கண் கலங்கினேன்.

"உங்க தூளு இல்லீன்னா அத்தனையும் பூஞ்ச தின்னுருக்கும். சும்மா இருங்கண்ணா," என்றார். கடிந்துகொள்ளும் குரல் அது. ஐந்து வயதில் பின்னலை அவிழ்த்தபோது இருந்த அதே குரல்.

ஆறாம் நாள் காலையில் அவர் அமைதியாக விடைபெற்றார்.

கருமாதி முடிந்து உறவினர் கலைந்தபின், தங்கை மகள் அப்பதினொரு நிமிடத்தைத் திறந்தாள். நாங்கள் மூவரும் அமர்ந்து பார்த்தோம். முதல் மூன்று நிமிடம் பந்தலும் தட்டுகளும். தாய்மாமனாகிய நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காது குத்தும் ஆசாரியிடம் ஏதோ விளக்கம் கூறிக்கொண்டிருக்கிறேன். பெற்றவள் தட்டேந்தி வர வேண்டிய வேளை வந்ததும் படம் குலுங்குகிறது. கருவி கைமாறுகிறது. வாங்கிக்கொண்டவர் மாரியாயி அம்மையார். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அதற்குமுன் படக்கருவியைத் தொட்டறியாதவர். தங்கை தட்டோடு படத்துக்குள் வருகிறார். காது குத்தி முடிகிறது. அவர் நேரே நம்மைப் பார்த்து நடந்து வருகிறார்.

"போதுங்க்கா, நிறுத்திப் போடுங்க."

"இத எங்கிட்டு நிப்பாட்டுறது தங்கச்சி? எனக்குத் தெரியலயே."

"செவப்புப் பொத்தானுங்க."

"எல்லாம் கறுப்பாத்தான தெரியுது."

தங்கை சிரிக்கிறார். அதற்குள் யாரோ அழைக்க, விட்டுவிட்டுப் பந்திக்குப் போகிறார். கருவி அவர் பின்னாலேயே போகிறது. இலை போடுகிறார். பேசிக்கொண்டே நிற்கும் என்னை உட்கார வைக்கிறார். அழுகிற மகளின் காதை ஊதுகிறார். திரும்பிப் பார்த்து, இன்னும் ஓடுகிறதா என்று கையால் கேட்கிறார். மீண்டும் சிரிக்கிறார். படத்தின் மூலையில் மாரியாயி அம்மையாரின் கட்டைவிரல் கடைசிவரை இருக்கிறது.

அவ்விரலையும் இடையிலுள்ள பேச்சையும் வெட்டிவிடலாமா என்று மகள் கேட்டாள். பிறர் எழுத்தைத் திருத்தியே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒன்றையும் தொட வேண்டா என்றேன்.

தங்கையை மருத்துவமனைக்கு இட்டுச் செல்லும் நாளிலெல்லாம் கட்டிலோடு மேட்டுச் சாலைவரை சுமந்த ஊர் இளைஞர்க்கும், இரவு பகல் பாராது பணிவிடை செய்த செவிலியர்க்கும், மின்வெட்டு நேரங்களில் தம் மின்கலத்தைத் தந்துதவிய கணிப்பொறிக் கடையினர்க்கும், வட்டு வாங்க வந்த அன்று தாமே அடுப்பேற்றி எங்களுக்குச் சமைத்துப் பரிமாறிய திருப்பூர்க் குடும்பங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. மாரியாயி அம்மையார் இப்போது திருப்பூரில் மகனோடு இருக்கிறார். இம்மலரின் முதற்படி அவருக்குப் போகிறது. அன்று அவருக்கு அந்தப் பொத்தான் தெரியாமல் போனதற்கு இக்குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.