நாலாவது தடவை விழுந்த சோறு

ஜப்பான்காரரைத் தைவான்காரர் என்று பொய் சொல்லி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்ட முட்டாள் நான். அதுவும் யாரிடம் பொய்? எண்பதைத் தாண்டியும், எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் எந்த மோட்டார் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் என் அப்பாவிடம்.

காரணம் இருந்தது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தாத்தாவை ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்போது அப்பா கைக்குழந்தை. தாத்தா திரும்பவில்லை. "சோறில்லாமச் செத்தாரு" என்று கூடப் போனவர் வந்து சொன்ன ஒரு வரிதான் அப்பாவுக்குக் கிடைத்த தகப்பன்.

நான் கூப்பிட்ட நண்பரோ ஜெலாப்பாங் தொழிற்சாலையில் என் மேலாளர். நான் தப்பான பொத்தானை அமுக்கி மெஷினை முடக்கிய அன்று, ஒரு வார்த்தை திட்டாமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னோடு தரையில் உட்கார்ந்து கிரீஸ் துடைத்தவர். அவரைக் கூப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. அப்பாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியமும் வரவில்லை.

ஞாயிறு மதியம். வாழை இலை. பரிமாறியது நான். அவர் ஊரில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் மரியாதைக் குறைவாம். நம் வீட்டில் இலை காலியானால் இன்னும் பசி என்று அர்த்தம். அவர் துடைத்துத் துடைத்துச் சாப்பிட, நான் அள்ளி அள்ளிப் போட்டேன். நாலாவது தடவை சோறு விழுந்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. ரசத்தின் காரம் என்று நினைத்து மோர் எடுக்க அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது, எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவிடம் அவர் மலாயில் சொல்வது காதில் விழுந்தது.

"பாக்சிக், சாயா ஓராங் ஜெப்புன்."

பெரியவரே, நான் ஜப்பான்காரன் என்று அவரே சொல்லிவிட்டார்! என் பொய்க்குத் தலையாட்டியவர்தான். இந்த வீட்டுச் சோற்றைத் தின்றபின் முடியவில்லை போலும். மோர்ச் சொம்போடு அப்படியே நின்றேன். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். போச்சு, இலையை இழுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா இலையின் மேல்பாதியைப் பிடித்து, மிச்சச் சோற்றின்மேல் அவர் பக்கமாக மடித்தார்.

"சுக்குப், சுக்குப்," என்றார். போதும், போதும். என்னைக் கண்ணால் காட்டி, இப்படி மடித்தால்தான் இவன் நிறுத்துவான் என்று மலாயிலேயே விளக்கமும் சொன்னார். நண்பர் மூச்சுவிட்டு, மடித்த இலைக்கு முன்னால் தலைகுனிந்தார். எனக்குக் கண் கலங்கியது. ரசத்தின் காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கிளம்பிப் போனபின் அப்பா அருகே போனேன்.

"பொய் சொன்னது தப்புதாம்ப்பா. கோவமா?"

"அடுத்த வாட்டி நான் பரிமாறுறேன், நீ சும்மா இரு லா."