நாலு மணி வலியைக் காலையிலேயே எழுதியவன்

என் தலையைத் திறந்து பார்த்து, உள்ளே மூளை இருக்கிறது என்று ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருக்கிறது. எங்கள் மில்லில் வேறு யாரிடமும் இப்படி ஒரு அத்தாட்சி கிடையாது. ஜி.எம்.மிடம்கூடக் கிடையாது. வலது காதுக்கு மேலே எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி. கட்டி நல்ல கட்டிதான், உட்கார்ந்த இடம்தான் சரியில்லை என்றார் டாக்டர். எடுத்துப் போட்டார்கள். பத்தாம் நாள், பாதி மொட்டையும் காதைச் சுற்றி லாடம் போல ஒரு தையலுமாகக் கும்மிடிப்பூண்டியில் எங்கள் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மனைவி பெரியபாளையத்து அம்மனுக்கு என் மொட்டையை வேண்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பாதி போய்விட்டதே, மீதியை மட்டும் அம்மனுக்குக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். "சாமிகிட்டயே தள்ளுபடி கேக்குற மூஞ்சப் பாரு," என்றாள்.

சரி, வலிக்கு வருவோம். தையல் இழுக்கிற வலி ஒன்று. அது பரவாயில்லை, பழகிவிடும். இன்னொன்று உள்ளே. காலையில் எழுந்ததும் மண்டைக்குள் யாரோ இரும்புக் கம்பியை உருட்டிவிடுவார்கள். அது உருள உருள வயிறு புரளும். சோப்பு வாசனைக்குக் குமட்டும், பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் குமட்டும், ஒருமுறை காலண்டரில் இருந்த மாம்பழப் படத்தைப் பார்த்தே குமட்டியது. வலித்தால் வாந்தி, வாந்தி எடுத்தால் இன்னும் வலி. இரண்டும் ஒன்றுக்கொன்று சார்ஜ் ஒப்படைத்து ஷிப்ட் பார்த்தன. லீவே போடவில்லை.

கிளம்பும்போது வார்டு சிஸ்டர் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார். இரண்டு தலையணை வைத்துத் தலையைத் தூக்கிப் படு. குனியாதே. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லு. அஞ்சுக்கு மேல் போனால் வலி மாத்திரை. எல்லாவற்றையும் எழுதி வை. "முக்கியமா இந்த ஃபிட்ஸ் மாத்திரை, வலிப்பு வராம இருக்க, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இது வயித்துல நிக்கணும். நிக்கலைன்னா இங்கயே வந்துடுங்க, ஊசில ஏத்துவோம்."

திரும்பவும் அந்த வார்டா! இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில், மூன்று வேளையும் ஒரே ருசியில் உப்புமா, மனைவியைப் பார்க்க மாலையில் ஒரு மணி நேரம். செத்தாலும் போவதில்லை என்று முடிவு செய்தேன். போகாமலிருக்க வழியும் எனக்குத் தெரியும். பதினாறு வருடம் ரோலிங் மில்லில் ரீடிங் எழுதியவன் நான்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உலையைக் குளிர்விக்கிற தண்ணீரின் சூட்டை மணிக்கொரு தரம் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். சூடு எல்லையைத் தாண்டினதாக எழுதினால் இன்ஜினியர் ஓடி வருவார், ஏன் தாண்டியது என்பார், லைனை நிறுத்துவார், நம் உயிரை எடுப்பார். அதனால் ஷிப்டுக்கு வந்ததும் டீயைக் குடித்துக்கொண்டே எட்டு மணி நேர ரீடிங்கையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. நடுவில் ஒரு நாற்பது போட்டால் உண்மை மாதிரி இருக்கும். தப்புதான். ஆனால் மிஷினும் இதுவரை எங்களைக் காட்டிக்கொடுத்ததில்லை.

வீட்டிலும் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன்: மணி, வலி, குமட்டல், சாப்பாடு, குறிப்பு. மனைவி அதைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுப்பாள். முதல் இரண்டு நாள் ஒழுங்கு. மூன்றாம் நாள் இரவு போட்ட ஃபிட்ஸ் மாத்திரை வெளியே வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் வாய் கொப்பளித்துப் படுத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து அன்றைய கணக்கை முடித்தேன். வலி மூணு, மூணு, ரெண்டு, மூணு. நடுவில் ஒரு நாலு. குமட்டல் இல்லை, இல்லை, இல்லை. அஞ்சைத் தொடவேயில்லை என்பதால் வலி மாத்திரையும் வரவில்லை. எட்டு மணிக்கு விழுங்கிய ஃபிட்ஸ் மாத்திரை எட்டேகாலுக்குக் குளியலறையில் கிடந்தது.

பத்து மணிக்கு நான் பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது மனைவி நோட்டோடு வந்து நின்றாள்.

"இன்னா இது? நாலு மணிக்கு வலி மூணுன்னு எழுதிக்கீறீங்க."

"ஆமா."

"மணி இப்ப பத்து."

நான் தலையைப் பக்கெட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

"சாயங்காலம் குமட்டல் இல்லைன்னு வேற போட்டுக்கீது. ஜோசியமா பாக்குறீங்க? நெஜத்துல எவ்ளோ வலிக்குது?"

"எட்டு," என்றேன். சொன்னதும் எனக்கே அழுகை வந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது அந்த எட்டு. குழாய்த் தண்ணீரில் போன இரண்டு மாத்திரைகளையும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. செல்போனை எடுத்து வார்டுக்குப் போட்டாள்.

சிஸ்டர் வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா, கண் ரெண்டாகத் தெரிகிறதா, தையலில் தண்ணி கசிகிறதா, உளறுகிறாரா? "உளறல் எப்பவும் போலத்தான்," என்றாள் மனைவி. சிஸ்டர் டாக்டரைக் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"சார், நம்பர் கேட்டது உங்களைப் பிடிக்கிறதுக்கு இல்ல. வலியை ஏற விட்டா வாந்தி நிக்காது. வாந்தி நிக்கலைன்னா மாத்திரை நிக்காது. நீங்க மறைச்சதாலதான் இப்ப திரும்பி வர்ற நெலமை. வாந்தி மாத்திரைய நாக்குல வச்சுக் கரைங்க. அரை மணி கழிச்சு ரெண்டு ஸ்பூன் கஞ்சி, வலி மாத்திரை, ஃபிட்ஸ் மாத்திரை. ஒரு மணி நேரம் உள்ள நின்னா போன் பண்ணுங்க. வெளிய வந்தா போன் வேணாம், நேரா வண்டில ஏறுங்க."

மனைவி போன் செய்ததும் வண்டியோடு வந்தவர் பாய். மில்லில் கிரேன் ஓட்டுகிறவர். பழவேற்காட்டில் அவர் குடும்பமே கருவாட்டு வியாபாரம். அந்த வாசனை பிடிக்காமல் இரும்புக்கு ஓடி வந்தவர். மதிய ஷிப்டுக்குப் போட்ட யூனிஃபார்மோடு, கீழே வாடகைக் காரை டிரைவரோடு நிறுத்திவிட்டு மாடியேறினார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"நைனா, நானும் இப்டித்தான் எழுதுவேன். ஆனா மிஷினுக்கு எழுதுவேன். சொந்த மண்டைக்கு எவனாச்சும் எழுதுவானா?"

"பழக்கம் பாய்."

"நடுவுல நாலு வேற! சும்மா சொல்லக் கூடாது அண்ணி, நல்ல கைவேலை."

"கைவேலைக்கு நல்லா ரெண்டு குடுத்திருப்பேன், தலைல தையல் இருக்குன்னு உட்டேன்," என்றாள் மனைவி.

கஞ்சி இறங்கியது. மாத்திரைகள் இறங்கின. பன்னிரண்டு அடித்தது. இனி ஒரு மணி வரை என் வயிறு வாயைத் திறக்கக் கூடாது. மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி பேனாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள், நான் சொன்னேன், அவள் எழுதினாள். எட்டு. எட்டு. ஏழரை.

பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து பாய் படியிறங்கி ஓடினார். அவர் குரல் தெருவுக்கே கேட்டது.

"யக்கா! ஒரு அரை மணி நேரம் தாளிக்காதீங்க! மேல மூளை ஆபரேசன்!"

"மேலயேவா பண்றாங்க?" என்று அந்தம்மா அலறியதும் கேட்டது. அடுப்பு அணைந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. மனைவி பக்கெட்டைத் தூக்கினாள். பாய் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வந்தது ஏப்பம். நீளமான, மரியாதையான ஏப்பம். எதையும் கூட்டி வரவில்லை.

ஒரு மணிக்கு, "எவ்ளோ?" என்றாள்.

"நாலு."

"நெஜமா?"

"சத்தியமா நாலு. வேணும்னா நாலேகால் போட்டுக்கோ."

எழுதினாள். வார்டுக்குப் போன் செய்தபோது குரல் உடைந்து, பாதியில் போனை பாயிடம் கொடுத்துவிட்டாள். "நின்னுக்கிச்சு சிஸ்டர், எல்லாம் உள்ளதான் கீது," என்றார் அவர். வர வேண்டாம், இரவு மாத்திரைக்கும் இதே வரிசை, மறைத்தால் மட்டும் கட்டில் தயார் என்று பதில் வந்தது. நான் இன்னும் இரண்டு ஸ்பூன் கஞ்சி கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு இந்த இரண்டு வாரத்தில் நானாகக் கேட்ட முதல் சாப்பாடு.

கார் சும்மா நின்றது. பாய்க்கு ரெண்டு மணிக்கு டியூட்டி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காரிலேயே பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து மில்லுக்குப் போனார். போய்ச் சேர்ந்து போன் செய்தார்.

"நைனா, கேட்ல செக்யூரிட்டி சல்யூட் அடிச்சான்! யாரோ டைரக்டர்னு கதவையே தொறந்து உட்டுட்டான். எறங்கினா நானு!"

சிரித்தேன். தையல் சுண்டி இழுத்தது. கையால் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தேன். மனைவி நோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆறு," என்றேன். "ஆனா இதுக்கு மாத்திரை வேணாம்."