தரையில் சிந்திய காரம்

எழுபதுகளின் நடுவில் பல்கலைக்கழகம் என்னைத் திருத்தணிக்கு அனுப்பியது. கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் சொந்தமாகத் தொழில் தொடங்கும்பொருட்டு, மலையடியில் ஒரு சத்திரத்தின் பின்கட்டில் அவர்களுக்குச் சோப்புத் தயாரிக்கக் கற்பித்தேன்.

ஒரு நண்பகலில் காஸ்டிக் சோடா டப்பா என் கைதவறிக் கவிழ்ந்தது. கல்லுப்பைப் போன்ற வெள்ளைத் துண்டுகள் தரையில் பரவின. எவரும் தொடவேண்டாமென்று சொல்லிவிட்டு, அள்ளுவதற்குத் தகடு கொண்டுவர உள்ளே சென்றேன். திரும்பியபோது தரையில் ஒன்றுமில்லை.

"மூணு வயசுப் பொண்ணு வச்சிருக்காளே, அவதான் சோத்து டப்பாவுல வாரிகினு போயிட்டா டீச்சர்," என்றாள் ஒருத்தி. "களத்துல சிந்தின நெல்லு வாரினவளுக்குத்தானே?"

"ஊட்லயே சோப்பு போட்டு நமக்கே விக்கப் போறா," என்றாள் மற்றொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சோடா தோலை அரிக்குமென்று முதல் நாளே சொல்லியிருந்தேன். உப்பென்றெண்ணி ஒரு குழந்தை வாயிலிட்டால் என்னவாகுமென்று சொல்லவில்லை.

அவள் ஊரான திருவாலங்காட்டுக்கு அடுத்த பேருந்தில் ஏறினேன். முன்னே கரும்பு வண்டிகள் வழிவிடாமல் ஊர்ந்தன. அந்தச் சிறிய வாயையன்றி வேறெதையும் என்னால் நினைக்க இயலவில்லை.

குடிசை வாயிலில் அவள் நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தை. குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன். அது வீறிட்டழுதது. நாக்கிலும் உதட்டிலும் புண் ஏதுமில்லை.

"கொழந்தை தொடல டீச்சர். அலுமினியச் சட்டியில போட்டுத் தண்ணி ஊத்தினேன். அடுப்பே இல்லாம பொங்கிச்சி. வேலியாண்ட வீசிட்டேன்."

வேலியோரம் அடி அரித்துப்போன சட்டி கிடந்தது. வகுப்பில் எப்போதும் எனாமல் தொட்டியையே பயன்படுத்தினேன். அலுமினியம் ஏன் ஆகாதென்று ஒருநாளும் விளக்கவில்லை. அவள் வலக்கையைப் புடவைக்குள் மறைத்தாள். இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வெந்து சிவந்திருந்தது.

குழந்தையை இறக்கிவிடச் சொல்லி, குடத்து நீரை அந்தக் கையின்மேல் நெடுநேரம் ஊற்றினேன். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்; எரிச்சலால் என்றெண்ணினேன்.

"வகுப்புலேர்ந்து எம் பேர அடிச்சிடுவீங்களா டீச்சர்? நாளைக்கு வரலாம் இல்ல?"

தலையசைத்தேன்.

"வாயால சொல்லுங்க டீச்சர்."

"வா," என்றேன்.

அடுத்த குடத்தை அவளே சாய்த்துக்கொண்டாள்.