வெள்ளிக்கிழமை ஓ.பி.

என் ஓரகத்தி திரிபுரசுந்தரியைப் பார்த்துப் பதினான்கு வருஷமாக எனக்கு வயிற்றெரிச்சல். இதை எழுத எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மாடம்பாக்கத்தில் ஒரே வீடு. கீழே நாங்களும் மாமியாரும், மாடியில் சுந்தரியும் என் கொழுந்தன் மகேஷும். சமையல் மட்டும் எல்லோருக்கும் சேர்த்துக் கீழேதான். அதனால் அவள் தட்டை நான் தினமும் பார்த்தேன். நான் பார்த்த அளவுக்கு அவளைக் கட்டியவன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் இன்றைக்கும் அவளுக்குத் தொளதொளவென்று இருக்கும். கேம்ப் ரோட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே டெய்லர். "சின்ன மேடத்துக்கு அளவே எடுக்க வேணாம்" என்று அவளிடம் பல்லைக் காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தையல் பிரிச்சு விட்டுடலாமா மேடம்?" என்பான். அந்தக் கடையை மாற்ற வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பாவது போகட்டும். அவள் விரதம்தான் எனக்குத் தாங்கவில்லை. வந்த புதிதில் வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தாள். அப்புறம் செவ்வாய் சேர்ந்தது. சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் எல்லாம் வந்தன. திங்கள், வியாழன், சனியும் போயின. மிஞ்சியது புதனும் ஞாயிறும்தான். புதன்கிழமைக்கும் ஒரு சாமியைத் தேடிப் பிடித்தாள். மாமியார் பூரித்துப்போவார். "சின்னவ வாயைக் கட்டினவ. அவளாலதான் இந்த வீடு நல்லா இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மூன்று வேளையும் அடுப்படியில் வெந்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் நான் நாலாவது தோசையை எடுத்தால், "ஜெயக்கொடிக்குப் பசி தாங்காது" என்பார். நல்லவிதமாகத்தான் சொல்வார். எனக்குத்தான் அந்தத் தோசை இறங்காது.

இறங்காமலே சாப்பிட்டும் விடுவேன் என்பது வேறு விஷயம்.

போன மாதம் பள்ளியில் ப்ரேயர் நடக்கும்போது சுந்தரி மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், கடைசியில் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். சாப்பாட்டைக் கண்டு பயப்படுவதே ஒரு வியாதி, அதற்கு ஈட்டிங் டிஸார்டர் என்று பெயர், விரதத்தைச் சொல்லி அதை இவ்வளவு நாள் மறைத்திருக்கிறாள் என்றார் டாக்டர். அட்மிட் ஆக வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் ஓ.பி.க்கு வந்தால் போதுமாம். வந்து, டயட்டீஷியன் எதிரில் உட்கார்ந்து காலை டிபன் சாப்பிட வேண்டும். பிறகு கவுன்சிலிங். வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும். இனி விரதம் எதுவும் கூடாது. முதல் நாள் வெள்ளிக்கிழமை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"யார் கண்ணு பட்டுச்சோ" என்று மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. யார் கண் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் மனசு இருக்கிறதே, அந்தப் பயத்துக்கு நடுவிலும் அது ஒரு கணக்குப் போட்டது. சின்னவளுக்கு விரதம் கூடாது என்றால் அந்த இடம் காலி. வியாழக்கிழமை சாயங்காலம் பூ தொடுத்துக்கொண்டிருந்த மாமியாரிடம், "நாளைலேருந்து வெள்ளிக்கிழமை விரதத்த நான் எடுத்துக்கறேன் அத்தை" என்றேன். அவர் கண் கலங்கி என் தலையில் கை வைத்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷமாகிறது. இதுதான் முதல் தடவை.

மறுநாள் மகேஷுக்குக் கேளம்பாக்கம் ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. "அக்கா வரட்டும்" என்று சுந்தரியே சொன்னாளாம். ஆட்டோவில் வழியெல்லாம் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். கேம்ப் ரோடு சிக்னலில் என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"திரும்பிடலாமாக்கா? அடுத்த வாரம் வரலாம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"சும்மா இரு. இட்லிதானே" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது. எனக்கு இட்லிதான். அவளுக்கு அது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எதிர் பெஞ்சில் ஒரு காலேஜ் பெண், சுந்தரியைவிட ஒல்லி, அம்மா தோளில் சாய்ந்திருந்தாள். சுந்தரி அவளையே பார்த்தாள். அது எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. "அவளுக்குத்தான் நெஜமா உடம்பு சரியில்ல. எனக்கு அவ்ளோ இல்லக்கா. டாக்டர் என்னைப் பாத்து சிரிப்பாங்க" என்றாள். அட, இவளுக்கும் பொறாமையா! வியாதியில்கூட முதல் மார்க் வேண்டுமா இந்த டீச்சருக்கு? எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது.

டயட்டீஷியன் பெயர் எப்சி, சின்னப் பெண்தான். மேஜையில் இரண்டு தட்டு, தட்டுக்கு இரண்டு இட்லி, சாம்பார். கூட வந்தவர்களும் சேர்ந்து சாப்பிட வேண்டுமாம். அதற்கு முன்னால் கேள்விகள். எப்போதிலிருந்து சாப்பாடு குறைந்தது என்று கேட்டாள். சுந்தரி தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன். எந்த வருஷம் எந்த வேளை நின்றது, எந்த ஆடியிலிருந்து சோற்றுப் பக்கம் போகவில்லை, எந்தப் பொங்கலில் கடைசியாகப் பாயசம் குடித்தாள் என்று எல்லாம் வரிசையாக வந்தது. எப்சி பேனாவை நிறுத்தி, "எவ்ளோ அக்கறையா கவனிச்சிருக்கீங்க மேடம்!" என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, ரெண்டு பேரும் ஆரம்பிங்க."

சுந்தரி என் தட்டைப் பார்த்தாள். "நீங்க மொதல்ல சாப்பிடுங்கக்கா."

"நான் இன்னிக்கு விரதம்." வாயில் வந்துவிட்டது. அந்த நேரத்திலும் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சுந்தரி நிமிர்ந்தாள். "எப்பலேருந்து?"

"இன்னிலேருந்து."

"அத்தை சந்தோஷப்பட்டாங்களா?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான் வீட்டுக்குப் போறேன். நான் இங்க உக்காந்து திங்கணும், நீங்க அங்க என் எடத்துல உக்காரணுமா? அது என்னோடதுக்கா. என்கிட்ட வேற எதுவும் இல்ல."

கதவுப் பிடியில் கை வைத்தாள். வளையல் கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். பதினான்கு வருஷம் தட்டையே பார்த்தவள், அந்த ரப்பர் பேண்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் ஆசைப்பட்டது இதற்கா? இதை வாங்கிக்கொள்ளவா மாமியாரிடம் போய் நின்றேன்?

இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து வாயில் போட்டேன். மாமியார் முகம் ஞாபகம் வந்தது, அழுகையும் வந்தது. "முடிஞ்சுது. ஒரு வேளைகூடத் தாங்கல. வந்து உக்காரு சுந்தரி" என்றேன், வாயில் இட்லியோடு.

"வீட்ல சொல்வீங்களா?"

"சொல்றேன்."

அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அழுதுகொண்டேதான் மென்றாள். "ரொம்ப நல்லா பண்ணீங்க" என்று எப்சி அவள் தோளைத் தட்டினாள். இரண்டு இட்லியையும் எப்போதோ முடித்திருந்த என்னை யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். "பெரியவளே, குளிச்சுட்டு வா, விளக்கேத்தலாம்" என்றார்.

"நானும் சாப்ட்டேன் அத்தை. இனிமே விரதம் இல்ல. எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல."

அவர் முகம் விழுந்துபோனது. திரும்பி உள்ளே போய்விட்டார். செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றேன்.

"அக்கா, மத்தியானத்துக்கு என்ன?" என்றாள் சுந்தரி. பயந்துகொண்டேதான் கேட்டாள். இந்தப் பதினான்கு வருஷத்தில் அவள் என்னிடம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.