ஏழிலிருந்து பத்துக்கு

அக்காவின் பதினாறாம் நாள் சாப்பாட்டில்தான் அந்தப் பேச்சு முதலில் வந்தது. டாலஸுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். மச்சான் வாடகைக்கு இருந்த அபார்ட்மென்ட். அக்கா படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. பேப்பர் தட்டில் வடையை வைத்துக்கொண்டு சில அங்கிள்கள் மச்சானைச் சுற்றி நின்றார்கள். ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

"பாப்பா எந்த ஸ்கூல் ஸோன்ல வர்றா?" என்று அக்கா மகளைப் பற்றிக் கேட்டார் ஒருவர். மச்சானோடு வேலை பார்ப்பவர், சொந்த வீடு வாங்கியவர். இனி இங்கே அங்கிள் என்றால் அவர்தான்.

மச்சான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார்.

"அது செவன் ஆச்சே! அடப்பாவமே."

செத்துப்போன என் அக்காவுக்குக்கூட அவர் வாயிலிருந்து அப்படி ஒரு அடப்பாவமே வரவில்லை.

அந்த ஊரில் வீடு எந்தத் தெருவோ, அதற்கென்று ஒதுக்கிய பள்ளிக்கூடம்தான். எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே டிஸ்ட்ரிக்ட், ஒரே நிர்வாகம். ஒரே புத்தகம், ஒரே மஞ்சள் பஸ். ஆனால் நெட்டில் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டிருக்கும். இவர்கள் ஆளையே அந்த மார்க்கால்தான் சொல்வார்கள். "அவங்க நைன் ஸ்கூல்." "அந்த ஃபேமிலி பாவம், சிக்ஸ்ல மாட்டிக்கிட்டாங்க." நம்ம ஊரில் வெளிப்படையாகச் சாதி கேட்பார்கள். இங்கே அதைக் கேட்க முடியாததால் இதைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"செவன்னா அபார்ட்மென்ட் க்ரௌடு வருமேப்பா. டைவர்சிட்டி ஜாஸ்தி" என்றார் அங்கிள், அபார்ட்மென்டில் நின்றுகொண்டே. டைவர்சிட்டி என்றால் மெக்ஸிகோக்காரர் பிள்ளைகள், கறுப்பர் பிள்ளைகள். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாகரிகமானவர்கள். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா டென். நான் சொல்லித்தான் அத்தனை பேரும் அங்க மூவ் பண்ணாங்க. அம்மா இல்லாத பொண்ணு, ஃப்ரெஷ்ஷா ஸ்டார்ட் பண்ணட்டும்."

பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது ஃபெயில் அங்கிள்."

"ஓ... நைஸ்" என்று சொல்லி வடையைக் கடித்தார்.

எனக்கு அம்மா அப்பா கிடையாது. அக்காதான் வளர்த்தாள். நான் விருதுநகரில் டயர் கடையில் இருந்தேன். அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மச்சான் ஆஸ்பத்திரிப் பேப்பரையெல்லாம் அனுப்பி விசா வாங்கி வரவழைத்தார். பாப்பாவைக் காலையில் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் என் வேலை. அக்கா போன பிறகும் அதே வேலைதான். அழ நேரம் கிடைத்தது காலையில் அவளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வரும் நடையில்தான்.

அங்கிள் சொன்னது மச்சானுக்குள் இறங்கிவிட்டது. சாப்பிடும்போதும் போனில் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவிடம் அவர் விஷயத்தைச் சொன்னபோது அவள் "நோ" என்றாள். எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. ராத்திரி படுக்கும்போது என்னிடம் மட்டும் தமிழில் சொன்னாள்.

"மாமா, புது ஸ்கூல்ல யாருக்கும் அம்மாவ தெரியாது."

அதுதான் விஷயம். வெள்ளிக்கிழமைகளில் அக்கா அவளோடு சாப்பிடப் பள்ளிக்குப் போவாள். அங்கே பெற்றவர்கள் அப்படிப் போய் உட்காரலாம். தலைமுடி கொட்டிய பிறகும் துண்டு கட்டிக்கொண்டு போனாள். அந்த மேஜைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். புது இடத்தில் இவளுக்கு ஒரு அம்மா இருந்தாள் என்பதையே முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மச்சானிடம் கேட்டேன். "எதுக்கு மச்சான் இப்ப மாத்துறீங்க? அது வேணாங்குதுல்ல?"

"உனக்குப் புரியாது மாப்ள."

"பத்துல அப்படி என்ன இருக்கு?"

"போய்ப் பாரு, தெரியும்."

போய்ப் பார்த்தோம். அதே செங்கல் கட்டடம், அதே கொடிக்கம்பம், அதே பீட்சா வாசம். வாசலுக்கு உள்ளே ஒரு மீன்தொட்டி இருந்தது. ஏழுக்கும் பத்துக்கும் நடுவே நான் கண்டுபிடித்த வித்தியாசம் அது ஒன்றுதான். அதிலும் ஒரு மீன் செத்து மிதந்தது. மச்சான் அதைப் பார்க்காத மாதிரி "என்ன க்ளீனா வச்சிருக்கான் பாரு" என்றார்.

காரில் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "அவளுக்கு நான் வேற என்னடா பண்ண முடியும், இனிமே?" என்றார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஜூலைக் கடைசியில் வீடு மாறினோம். வாடகை அதிகம், ரூம் சின்னது. அக்காவின் கிரைண்டரை வைக்கச் சமையலறையில் இடமில்லை. பால்கனியில் வைத்தோம். பாப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கிள் பூச்செடியோடு வந்து, "வெல்கம் டு த டென்!" என்றார்.

பள்ளி திறக்கப் போகிற வாரம் போன் வந்தது. மச்சான் இங்கிலீஷில் பேசப் பேசக் குரல் உயர்ந்தது. வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"செகண்ட் கிரேட் ஃபுல்லாம். லேட்டா சேர்ந்தவங்கள ஓவர்ஃப்ளோன்னு வேற ஸ்கூலுக்கு அனுப்புறாங்களாம். பஸ் அவங்களே விடுவாங்களாம்."

"வேற ஸ்கூல்னா எது மச்சான்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பழைய ஸ்கூல்தான்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா போனதற்கப்புறம் முதல் சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. பத்து, பத்து என்று ஓடியவர்கள் எல்லோரும் சேர்ந்து பத்தை நிரப்பிவிட்டார்கள். படித்தவர்கள். கம்ப்யூட்டரில் என்னென்னவோ கணக்குப் போடுகிறவர்கள். ஒரு கிளாஸுக்குள் எத்தனை பிள்ளை உட்கார முடியும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

அங்கிளைக் கூப்பிட்டதற்கு அவர் ஸ்பீக்கரில் நிதானமாகச் சொன்னார்: "டென்ஷன் ஆகாதீங்க. வெயிட்லிஸ்ட்ல இருங்க. யாராவது காலி பண்ணுவாங்க, உடனே தூக்கிடலாம்."

பாப்பாவைத் தூக்கிடலாம், பெட்டியைத் தூக்குகிற மாதிரி. அவள் மஞ்சள் பஸ்ஸில் பழைய மேஜைக்கே போனாள். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் போன் வந்துவிட்டது. பத்தில் சீட் காலி. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மச்சான் வீட்டுக்குள்ளேயே வெகுநேரம் நடந்தார். பிறகு என்ன தோன்றியதோ, "மாப்ள, தயிர் சாதம் கிண்டு. இன்னைக்கு நான் போறேன் லஞ்சுக்கு" என்றார். அதற்கு முன்னால் ஒரு நாளும் போனதில்லை.

திரும்பி வந்தபோது சட்டையில் பள்ளிக்கூடத்தில் ஒட்டிய விசிட்டர் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதில் அவர் போட்டோ, கண் பாதி மூடியபடி. ஷூவைக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தார்.

"உங்கக்கா தயிர் சாதத்துல மாதுளை போடுவாளா?"

"ஆமா மச்சான். எப்பவும் போடுவா. எனக்கு மறந்து போச்சு. ஏன்?"

"பக்கத்துல ஒரு மெக்ஸிகன் பையன். டப்பாவ எட்டிப் பார்த்துட்டு, அந்தச் செவப்பு முத்து எங்கன்னு கேக்குறான். இவ அம்மா எப்பவும் கொண்டு வருவாங்களேன்னு. எனக்கே தெரியலடா. அவனுக்குத் தெரியுது."

அவர் அந்தப் பத்து மார்க் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே காதில் வாங்கினேன். "நோ, தேங்க் யூ" என்பது எனக்குப் புரிகிற இங்கிலீஷ்தான்.

கொஞ்ச நேரத்தில் அங்கிள் கூப்பிட்டார். "என்னப்பா, சீட் ஏதும் வந்துச்சா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன்.

"இல்லண்ணா, இன்னும் வரல" என்றார். "வெயிட் பண்றோம்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று சொல்ல அந்த மனிதருக்குத் தைரியம் வரவில்லை. எனக்குச் சீ என்றிருந்தது. ஆனாலும் மாதுளை வாங்க அவர் காரை எடுத்தபோது கூடப் போய் உட்கார்ந்துகொண்டேன்.