எரு வாளிக்கு ஒரு டிக்கெட்

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் ஒரு வீட்டின் மாடியில் திரௌபதி தனியாகக் குடியிருந்தாள். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒருக்களித்து நின்றால் மட்டும் ஆள் கொள்ளும் பால்கனி. அறையில் பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டது. பள்ளிச் சீருடை தைத்தே யார் தயவும் இல்லாமல் வாழ்ந்தாள்.

ஒன்றுதான் அவளை உறுத்தியது. அவள் பிறந்த மலைக்கிராமத்தில் காய்த்தோல் மாட்டுக்குப் போகும். மாடு ஒதுக்கியது எருக்குழிக்குப் போகும். இங்கே எல்லாம் குப்பை வண்டிக்கு. கோழி வளர்க்கலாமா என்று கேட்டதற்கே, கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஆதிநாராயணன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செல்போனில் ஒரு பெண் அடுக்குமாடி வீட்டிலேயே எரு தயாரிப்பதைப் பார்த்தாள். அன்றே பெயின்ட் வாளி ஒன்றை வாங்கி, சூடேற்றிய திருப்புளியால் ஓட்டை போட்டுப் பால்கனியில் வைத்தாள். தினமும் தோல், காம்பு, கூடவே தெம்புக்கு அரிசி கழுவிய தண்ணீர்.

பன்னிரண்டாம் நாள், கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஆதிநாராயணனின் வெள்ளைச் சட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வானத்தைப் பார்த்தார், ஒரு மேகமும் இல்லை. தோளைத் தொட்டு முகர்ந்து பார்த்தவர், படியேறி வந்துவிட்டார்.

“இன்னாம்மா வச்சிருக்க மேல?”

“எருங்க சார்.”

“என் தலைல ஊத்தறதுக்கு நான் இன்னா வாழ மரமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள அது போவணும். இல்லன்னா நீ போவணும்.”

பன்னிரண்டு நாள் சேர்த்ததைக் குப்பை வண்டியில் கொட்ட மனம் வரவில்லை. ஊரில் அண்ணன் சின்னராஜின் நிலத்தில் கொட்டிவிடலாம் என்று, ஓட்டைகளை அடைத்து, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஞாயிறு காலை பஸ் ஏறினாள்.

மூன்றாவது வளைவில் கட்டு தளர்ந்தது. நாற்றம் பஸ் முழுக்கப் பரவியது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒருவர் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிச் சோதித்தே விட்டார்.

திரௌபதியால் பொறுக்க முடியவில்லை. “யாரும் யாரையும் பாக்காதீங்க. என் வாளிதாங்க.”

கண்டக்டர் வந்தார். “இன்னாம்மா இது?”

“எரு.”

“மலைக்காட்டுக்கு எரு எடுத்துட்டுப் போறியா? லக்கேஜ் டிக்கெட் வாங்கு.”

அதற்குள் பின்சீட்டிலிருந்து புளி வியாபாரி மங்கம்மாள் எழுந்து வந்து, கொஞ்சமும் கூசாமல் வாளிக்குள் கையை விட்டாள். “எருவா இது? கொழம்பாட்டம் இருக்குது. தண்ணி ஊத்தினியா?”

“அரிசி கழுவன தண்ணிதான்க்கா.”

“அதான் நாறுது. தண்ணிய நிறுத்து. காஞ்ச சருகு போட்டுக் கிளறு.”

“சாம்பல் போடணும்” என்றார் ஒருவர். “புளிச்ச மோர்” என்றார் இன்னொருவர். டிரைவர் திரும்பி, “மரத்தூள் போடும்மா” என்றதும், “நீ ரோட்டப் பாருப்பா!” என்று பஸ்ஸே கத்தியது. இந்தக் களேபரத்தில் இரண்டு நிறுத்தங்களுக்குக் கண்டக்டர் டிக்கெட் போட மறந்துபோனார்.

சின்னராஜ் வாளியைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் குடிசை உயரத்துக்கு எருமேடு. “இத்தக் கொட்டறதுக்கா பஸ் ஏறி வந்த?”

திரௌபதிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பலாமரத்தடியில் கிடந்த சருகை ஒரு சாக்கு நிறைய அள்ளினாள். சாப்பிடக்கூட நிற்காமல், வாளியோடும் சாக்கோடும், திரும்பி வந்த அதே பஸ்ஸில் ஏறினாள். “திரும்பியுமா?” என்று கண்டக்டர் தலையில் கைவைத்தார்.

ஆதிநாராயணனிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினாள். குழம்பில் சருகைக் கலந்து, வாளிக்கு அடியில் தட்டு வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளறினாள். நாற்றம் மெல்ல அடங்கியது. தவணை முடிந்த அன்று அவர் வந்து பால்கனியின் நான்கு மூலையிலும் மூக்கை நீட்டினார்.

“எடுத்துட்டியா? எங்க கொட்டின?”

“உங்க காலாண்டதாங்க சார் இருக்குது.”

அவர் குனிந்து வாளியை ஒருமுறை முகர்ந்துவிட்டு இறங்கிப்போனார். மறுநாள் அவர் மனைவி முத்தம்மாள் ஒரு தட்டு வெங்காயத் தோலோடு மேலே வந்தாள். “இதுவும் போடலாமா? அவருதான் கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

மூன்றாம் மாதம் திரௌபதி மாவுச் சல்லடையில் எருவைச் சலித்தாள். கறுப்பாக, பொலபொலவென்று விழுந்தது. அத்தனையும் சேர்த்து இரண்டு தொட்டிக்குத்தான் வந்தது. இருந்தாலும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“ரெண்டு தொட்டி எரு வந்துச்சுண்ணா!”

மறுமுனையில் சிரிப்பு கிளம்புவதற்குள் போனை வைத்துவிட்டாள்.